ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்து, வடபத்ரசாயிக்குப் பூமாலை கட்டிச் சாத்திய பெரியாழ்வார், தம்மை யசோதையாகவே பாவித்துக் கண்ணனை வளர்த்தார். அவருடைய திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும் குழந்தையை நீராட அழைப்பதற்கே அமைந்திருக்கிறது. வெண்ணெயும் புழுதியுமாக நிற்கிறான் கண்ணன். எண்ணெயையும் புளியையும் எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரமாகக் காத்திருக்கிறாள் தாய். பிள்ளை வருவதாக இல்லை. அவள் கோலை எடுக்கவில்லை. இன்று உன் பிறந்த நாள் என்கிறாள். அப்பம் செய்து வைத்திருக்கிறேன் என்கிறாள். இப்படி அழுக்கோடு நின்றால் ஆய்ப்பாடிப் பெண்கள் சிரிப்பார்களே என்கிறாள். அடுத்த பதிகத்தில் தலை வாருவதற்குக் காக்கையைத் துணைக்கு அழைக்கிறாள். பிறகு பூச்சூட்டல், அந்தி வேளையில் காப்பிடல்.

குளியல், தலைவாருதல், வேளைக்கு உணவு, இருட்டும் முன் வீடு திரும்புதல் என ஒரு குழந்தை பழக வேண்டிய நற்பழக்கங்கள் எல்லாமே அங்கே வரிசையாக வந்துவிடுகின்றன. மூவுலகையும் அளந்தவனுக்கே ஆசை காட்டித்தான் எண்ணெய் தேய்க்க முடிந்தது என்றால், வீட்டிலுள்ள நாலு வயதுப் பேரனுக்கு அதட்டல் எப்படிப் போதும்?

இந்தக் கேள்வி இன்று பெற்றோரைவிடத் தாத்தா பாட்டிகளுக்கே மிகுதியாக உரியதாகிவிட்டது.

குந்தாரப்பள்ளியில் ஒரு வீடு

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், வேப்பனஹள்ளிக்குப் பாதை பிரியும் இடம் குந்தாரப்பள்ளி. வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். ஆடு வாங்கவும் விற்கவும் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஒரே தெருவில் பாட்டியைத் தமிழ்ப் பிள்ளை 'பாட்டி' என்றும், தெலுங்குப் பிள்ளை 'அவ்வா' என்றும், கன்னடப் பிள்ளை 'அஜ்ஜி' என்றும் அழைப்பதைக் கேட்கலாம். மாந்தோப்பும் கேழ்வரகுக் கொல்லையும் இருந்த பகுதியில் இப்போது தொழிற்சாலைகள் எழுந்துவிட்டன. விடியற்காலையில் கம்பெனிப் பேருந்து வருகிறது. ஒரு ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு அடுத்த ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். மகன் ஒரு ஷிப்ட், மருமகள் வேறொரு ஷிப்ட். நாலு வயதுப் பேரனைக் காலையில் எழுப்புவது, பல் துலக்கச் செய்வது, சோறு ஊட்டுவது எல்லாம் பாட்டியின் பொறுப்பு. அங்கன்வாடியிலிருந்து அழைத்து வருவது தாத்தாவின் பொறுப்பு. மாலையில் பிள்ளையார் கோயில் பிரதட்சிணம். எல்லாம் நன்றாகவே நடக்கிறது, சாப்பாட்டு நேரத்தைத் தவிர.

கைபேசியில் படம் ஓடினால்தான் பிள்ளை வாயைத் திறக்கிறான். படம் நின்றால் வாயும் மூடிக்கொள்கிறது. என்ன காய், என்ன ருசி என்று அவனுக்குத் தெரியாது. வயிறு நிறைந்ததா என்று பாட்டிக்கும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்கிறது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் மிக நல்லது என்கிறது. மூன்று வேளைச் சாப்பாட்டிலேயே அந்த ஒரு மணி நேரம் கரைந்துவிடுகிறது.

கைபேசியைப் பிடுங்கினால் அழுகை. கொடுத்தால் குற்ற உணர்வு. வேலை முடிந்து வரும் மருமகள் கேட்கும் ஒரு கேள்வி, "அத்தை, மறுபடியும் போன் கொடுத்தீர்களா?" என்பது. அதற்குப் பதில் சொல்வதே பாட்டிக்கு ஒரு பெரும் பாடாகிவிடுகிறது. வயதான காலத்தில் ஓயாமல் உழைத்தும் பேரைக் கெடுத்துக்கொள்ளும் சங்கடம் அது.

படத்தில் பார்த்த காய்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. வெறும் புத்தக அறிவு வாழ்க்கைக்குப் பயன்படாது என்பது அதன் பொருள். பெரியவர்களைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் சிறு குழந்தைகள் விஷயத்தில் அந்தப் பழமொழி சற்றே திரும்பி நிற்கிறது.

இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பிள்ளைக்குப் பழக்கமில்லாத அல்லது பிடிக்காத ஒரு காயைப் பற்றிய படப்புத்தகத்தைப் பெற்றோரிடம் கொடுத்து, இரண்டு வாரங்கள் நாள்தோறும் சில நிமிடங்கள் குழந்தையோடு சேர்ந்து பார்க்கச் சொன்னார்கள். அந்தக் காய் நிலத்தில் எப்படி விளைகிறது, சந்தைக்கு எப்படி வருகிறது, அடுக்களையில் எப்படி நறுக்கப்படுகிறது என்பதெல்லாம் படங்களாக இருந்தன. பிறகு அதே காய் தட்டில் வந்தபோது, அந்தப் பிள்ளைகள் அதைச் சுவைத்துப் பார்க்கக் கூடுதல் விருப்பம் காட்டினார்கள்.

காரணம் எளிமையானது. இரண்டு வயதுக்கு மேல் குழந்தைகளுக்குப் புதிய உணவைக் கண்டால் ஓர் அச்சம் வருகிறது. அது பிடிவாதம் அன்று; தெரியாததை வாயில் போட்டுவிடக் கூடாது என்று இயற்கையே கொடுத்த காவல். கண்ணுக்குப் பழகிய பொருளிடம் அந்தக் காவல் சற்றுத் தளர்கிறது. ஏட்டில் பத்து நாள் பார்த்த சுரைக்காய் பதினோராம் நாள் தட்டில் வரும்போது, அது அந்நியர் அன்று, தெரிந்த முகம்.

குந்தாரப்பள்ளிப் பாட்டிக்கு இதில் ஒரு கூடுதல் வசதியும் உண்டு. புத்தகத்தில் காட்டிய பீர்க்கங்காயை வெள்ளிக்கிழமைச் சந்தையில் கொடியின் வாசனையோடு காட்டலாம். "இது அந்தப் பக்கத்தில் இருந்ததுதானே?" என்று பிள்ளையே கேட்பான். அவன் கையாலேயே அதைப் பையில் போடச் செய்யலாம். அவன் தூக்கி வந்த காய் என்றால் அதில் ஒரு துண்டையாவது வாயில் வைப்பான்.

கோயிலே முதல் படப்புத்தகம்

படம் காட்டிப் பாடம் சொல்லும் வழக்கம் எங்கிருந்தோ இறக்குமதியானதன்று. எழுத்தறியாத கோடிக்கணக்கானவர்களுக்கு இதிகாச புராணங்களைக் கொண்டு சேர்த்தவை கோயில் சுவர்களும் விதானங்களும்தாம். திருவாரூர் தியாகராஜர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால், முசுகுந்த சக்கரவர்த்தி இந்திரனிடமிருந்து தியாகராஜரைப் பெற்றுவந்த வரலாறு வரிசை வரிசையாக வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு காட்சிக்கும் தமிழில் விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது. மேலே படம், கீழே ஓரிரு வரி எழுத்து. இன்றைய குழந்தைகள் படப்புத்தகத்தின் அமைப்பும் அதுவே. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பக்தர்கள் திருவண்ணாமலைக்குப் போகும் வழியில் செங்கம் வேணுகோபால பார்த்தசாரதி கோயிலிலும் இராமாயணக் காட்சிகளை ஓவியமாகக் காணலாம்.

இப்போது தாத்தா பாட்டியாக இருக்கும் தலைமுறைக்கு அம்புலிமாமா நினைவிருக்கும். 1947ஆம் ஆண்டு ஜூலையில், நாடு விடுதலை பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு, நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய இதழ் அது. தோளில் வேதாளத்தைச் சுமந்து, கையில் வாளுடன் சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்த விதம் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் கண்ணில் நிற்கிறது. கதையின் சொற்கள் மறந்திருக்கலாம், படம் மறக்கவில்லை. பேரனுக்கும் அதே விதிதான்.

நற்பழக்கத்துக்கான நூல்களுக்கும் குறைவில்லை. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான ஆசாரக்கோவை, பெருவாயின் முள்ளியார் இயற்றியது. எழுந்தது முதல் உறங்கும் வரை செய்ய வேண்டியவற்றையும் செய்யத் தகாதவற்றையும் நூறு பாடல்களில் அது வகுத்துச் சொல்கிறது. பல் துலக்குதல், நீராடுதல், கால் கழுவி வாய் கொப்பளித்து உண்ண உட்காருதல் எல்லாம் அதில் உண்டு. பதஞ்சலி முனிவர் நியமங்கள் ஐந்தைச் சொல்லும்போது முதலில் வைத்தது சௌசம், அதாவது தூய்மை. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், முன்பு உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பவனுக்கு மருந்தே வேண்டியிராது என்ற கருத்தை வைத்தார். இத்தனையும் பெரியவர்களின் நாவில் இருக்கிறது. நாலு வயதுப் பிள்ளையின் மனத்தில் அது இறங்குவதற்குத்தான் படம் என்ற படிக்கட்டு தேவைப்படுகிறது.

தொரப்பள்ளியில் பிறந்தவர் கண்ட வழி

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு முன்னுதாரணம் உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு பிறந்த ராஜாஜி, 1925ஆம் ஆண்டு திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். சுற்றுவட்டாரக் குடும்பங்களைக் குடி சீரழிப்பதைக் கண்டு வருந்தினார். மேடைப் பேச்சால் மட்டும் ஒரு பழக்கத்தை மாற்ற முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1929ஆம் ஆண்டு 'விமோசனம்' என்ற மாத இதழைத் தொடங்கினார். அதில் அவருக்குத் துணையாக நின்றவர், பின்னாளில் பெரும் புகழ் பெற்ற கல்கி. மதுவிலக்கு ஒன்றுக்காகவே நடந்த அந்த இதழில் கதையும் பாட்டும் கருத்துப் படங்களும் இடம் பெற்றன. பத்தே இதழ்கள்தாம் வந்தன. ஆயினும், படிக்கத் தெரியாதவனும் படத்தைப் பார்த்துத் தன் வீட்டை அதில் அடையாளம் கண்டுகொள்வான் என்ற நம்பிக்கை அதில் இருந்தது.

1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில். அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்த மாவட்டத்திலேயே இருந்தன. சட்டம் பிறகு வந்தது. கதையும் படமும் முன்னே சென்றன. பழக்கத்தை மாற்ற விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய வரிசை இது.

அச்சமா, அன்பா?

படம் காட்டுவதிலும் இரண்டு வழிகள் உண்டு. பெரியவர்கள் பலரும் தம் சிறு வயதில் எமலோகப் படங்களைப் பார்த்திருப்பார்கள். எண்ணெய்க் கொப்பரை, இரும்பு முள், பாம்புக் குழி என்று பாவத்துக்கு ஏற்ற தண்டனைகள் கட்டம் கட்டமாக வரையப்பட்டிருக்கும். 'பொய் சொன்னால் இப்படி' என்று காட்டி வளர்த்தார்கள். பூச்சாண்டியும் ஊசி போடும் டாக்டரும் இன்றும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மேல்நாட்டிலும் இதே கதைதான். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து மருத்துவர் ஹைன்ரிச் ஹாஃப்மன், 1844ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்குத் தம் மூன்று வயது மகனுக்குப் படப்புத்தகம் வாங்கக் கடைக்குப் போனார். எதுவும் பிடிக்கவில்லை. வெறும் நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து தாமே கதை எழுதிப் படம் வரைந்து கொடுத்தார். மறு ஆண்டே அது அச்சாகிப் பெரும் புகழ் பெற்றது. நகம் வெட்டாத, தலை வாராத சிறுவன் ஒருவன் அதில் வருகிறான். சூப் குடிக்க மறுத்த பிள்ளை நாளுக்கு நாள் இளைத்து ஐந்தாம் நாள் இறந்து போகிறான். விரல் சூப்பிய பையனின் கட்டை விரல்களைத் தையற்காரன் கத்தரித்துவிடுகிறான். அந்தப் படத்தைப் பார்த்த குழந்தைகள் விரல் சூப்புவதை விட்டார்களோ இல்லையோ, கத்தரிக்கோலைக் கண்டு நடுங்கியிருப்பார்கள்.

அதற்கு நேர்மாறான வழியில் 1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் எரிக் கார்ல் ஒரு புத்தகம் செய்தார். பசி அடங்காத ஒரு கம்பளிப்புழு நாளுக்கொரு வகைப் பழமாகத் தின்கிறது. சனிக்கிழமையன்று கேக், ஐஸ்கிரீம், மிட்டாய் என்று கண்டதையும் தின்றுவிட்டு இரவு வயிற்று வலியால் துடிக்கிறது. மறுநாள் ஒரே ஒரு பச்சை இலையைத் தின்கிறது, வலி நீங்குகிறது. பிறகு கூடு கட்டி, வண்ணத்துப்பூச்சியாக வெளிவருகிறது. 'இனிப்பு தின்னாதே' என்று ஒரு சொல்கூட அதில் கிடையாது. பார்க்கும் குழந்தை தானே புரிந்துகொள்கிறது. உலகெங்கும் எத்தனையோ மொழிகளில் அந்தப் புத்தகம் விற்றுக்கொண்டிருக்கிறது.

அச்சுறுத்திப் பழக்கிய பழக்கம் அச்சுறுத்துபவர் இல்லாத இடத்தில் நின்றுவிடும். பாட்டி பார்க்காத நேரத்தில் பல் துலக்காமல் தப்பிக்கத் தெரிந்த பிள்ளை, பொய் சொல்லவும் பழகிவிடுகிறான். ஒரு தூய்மையைக் கற்பிக்கப் போய் இன்னொரு தூய்மையை இழந்துவிடக் கூடாது.

இந்த மண்ணுக்கு ஏற்ற பாடம்

நற்பழக்கப் புத்தகங்கள் பெரும்பாலும் வெள்ளை வெளேரென்ற பற்களைக் காட்டும். பல் துலக்கினால் பளபளக்கும், துலக்காவிட்டால் கறை படியும் என்று சொல்லும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பெரியவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இப்பகுதிகளில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு என்ற உப்பு மிகுதியாக உள்ளது. குடிநீரில் அது லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது. ஈறுக்குள் நிலைப்பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும் சிறு வயதில் அந்த அளவு மீறிய நீரைக் குடித்து வளர்ந்தால், பல் முளைக்கும்போதே மஞ்சளும் பழுப்புமாகக் கறையோடு முளைக்கும். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. இந்தத் துன்பத்தைக் குறைக்கவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு நிறைவேற்றப்பட்டு, 2013ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது.

ஆகவே, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கறைப் பல்லைக் காட்டி, "பார், இவன் பல் துலக்காதவன்" என்று சொல்வது பொய்யும் பாவமும் ஆகும். அந்தப் பிள்ளை நாளுக்கு இருமுறை துலக்குகிறவனாக இருக்கலாம். புத்தகத்தில் அப்படி ஒரு படம் வந்தால் பாட்டி சொல்ல வேண்டியது வேறு: "சோறு ஒட்டியிருந்தால் பல்லில் ஓட்டை விழும். அதனால் தேய்க்கிறோம். பல்லின் நிறம் எப்படி இருந்தாலும் தேய்த்த பல் நல்ல பல்." அதோடு, குடிக்கவும் சமைக்கவும் ஆழ்துளைக் கிணற்று நீரா, ஒகேனக்கல் நீரா என்பதை வீட்டில் ஒருமுறை விசாரிப்பதும் நல்லது.

பல்லைப் பற்றி இன்னொரு செய்தி. பால் பற்கள் இருபது. அவை எப்படியும் விழப் போகின்றன என்று பலரும் கவலைப்படுவதில்லை. ஆனால் ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலேயே, வரிசையின் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. அது ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய பல். பால் பல் என்று எண்ணி அதைச் சொத்தையாக விட்டுவிடும் வீடுகள் அநேகம். தினமும் கோயிலில் சர்க்கரைப் பொங்கலும் கற்கண்டும் கிடைக்கும் பிள்ளைக்கு இது முக்கியம். பிரசாதத்தை மறுக்க வேண்டியதில்லை. உண்ட பின் வாய் கொப்பளிக்கும் வழக்கத்தைச் சேர்த்துவிட்டால் போதும், அதுவும் ஆசாரமே.

மண்ணில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைக்குக் கொக்கிப் புழு பாதத்தின் தோல் வழியே உடலுக்குள் நுழையும். சோகைக்கு அது ஒரு காரணம். கோயிலில் செருப்பைக் கழற்றுவதை நன்கு கற்ற பிள்ளைக்கு, கழிப்பிடத்துக்கும் கொல்லைக்கும் செருப்பு அணிவதையும் கற்பிக்க வேண்டும். ஆண்டுதோறும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தரும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறவிடக் கூடாது.

புத்தகத்துக்கு எங்கே போவது?

நல்ல படப்புத்தகங்கள் தமிழில் இப்போது குறைந்த விலைக்கே கிடைக்கின்றன. 1957ஆம் ஆண்டு தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட் பல மொழிகளில் சிறுவர் நூல்களை வெளியிடுகிறது. சென்னையில் 1996ஆம் ஆண்டு தொடங்கிய துளிகா, ஒரே கதையைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் உள்ளிட்ட மொழிகளில் தருகிறது. பெங்களூரில் 2004ஆம் ஆண்டு உருவான பிரதம் புக்ஸும் அப்படியே. ஒரே தெருவில் மூன்று மொழி பேசும் குந்தாரப்பள்ளிக்கு இது மிகவும் பொருத்தம். தமிழ்ப் பாட்டியும் தெலுங்கு அவ்வாவும் ஆளுக்கொரு மொழியில் ஒரே புத்தகத்தை வாங்கி, திண்ணையில் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்துவிடலாம். அரசுப் பள்ளிகளில் 'வாசிப்பு இயக்கம்' வழியாக வந்துள்ள சிறு புத்தகங்களையும் மூத்த பேரனோ பேத்தியோ இருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதும் இல்லை. பிராங்க்பர்ட் மருத்துவர் செய்ததுபோல ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். பழைய காலண்டரில் வெட்டிய பாலகிருஷ்ணன் படம் முதல் பக்கத்தில். அடுத்து, செய்தித்தாளில் வந்த காய்கறிப் படங்கள். பிறகு, பேரனே கிறுக்கிய சோப்பு, வாளி, துண்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி. 'கண்ணன் எழுந்தான். கண்ணன் பல் துலக்கினான். கண்ணன் குளித்தான். கண்ணன் கை கழுவிவிட்டு வெண்ணெய் தின்றான்.' கடைசிப் பக்கத்தில் பேரனின் புகைப்படத்தையே ஒட்டிவிடலாம்.

படிக்கும் முறையிலும் சில நுட்பங்கள் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. அப்படிச் செய்தால் கைபேசிக்குப் பதில் புத்தகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சாப்பாட்டுக்கு முன்போ, உறங்கும் முன்போ திறக்கலாம். ஒரே புத்தகத்தைப் பிள்ளை பத்து முறை கேட்டால் பத்து முறையும் படிக்க வேண்டும். சுப்ரபாதத்தைத் தினமும் கேட்கும் பெரியவர்களுக்கு அதன் காரணம் சொல்லாமலே விளங்கும். கடைசியில் நீதி சொல்ல வேண்டாம். "இந்தப் பாப்பா ஏன் அழுகிறது?" என்று கேட்டால் போதும், நீதியைப் பிள்ளை சொல்வான். கை கழுவும்போது சோப்பு நுரை இருபது விநாடியாவது கையில் இருக்க வேண்டும் என்பார்கள். கணக்குத் தெரியாத பிள்ளைக்கு, ஒரு சிறு பிள்ளையார் சுலோகத்தை நிதானமாகச் சொல்லி முடிக்கும் வரை என்று பழக்கினால் கையும் நாவும் சேர்ந்தே தூய்மை பெறும்.

தாத்தாவின் பக்கம்

இனி அந்தக் குந்தாரப்பள்ளி வீட்டுக்குத் திரும்பலாம். நோட்டுப் புத்தகம் தயாராகிவிட்டது. பாட்டி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுகிறாள். பல் துலக்கும் கண்ணன் பக்கம் வருகிறது. பேரன் தன் பல்லைக் காட்டுகிறான். பாட்டியின் வாயைத் திறந்து பார்க்கிறான். பிறகு எழுந்து திண்ணைக்குப் போய், "தாத்தா, நீங்களும் ஆ காட்டுங்கள்" என்கிறான்.

தாத்தா வாயைத் திறக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக வெற்றிலையோடு புகையிலை போட்ட வாய் அது. மருத்துவர் சொல்லியிருக்கிறார், மகன் சண்டையே போட்டிருக்கிறான். எவருக்கும் அசையாதவர், கையில் நோட்டோடு நிற்கும் குழந்தையின் முன்னால் தலையைத் திருப்பிக்கொள்கிறார். பிள்ளை அழுத்தவில்லை. "தாத்தாவுக்கு வெட்கம்" என்று பாட்டியிடம் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறான்.

படப்புத்தகத்தின் உண்மையான சோதனை இங்கேதான். குழந்தை எழுத்தைப் படிப்பதில்லை; படத்தைப் படிக்கிறது. வீட்டிலேயே பெரிய படம் தாத்தாவும் பாட்டியும்தாம். கை கழுவாமல் சாப்பிட உட்காரும் தாத்தா ஒரு பக்கம். தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தபடி உண்ணும் பாட்டி ஒரு பக்கம். கோயில் பிராகாரத்தில் பிரசாதத் தொன்னையை எறியும் பக்தர் ஒரு பக்கம். அச்சிட்ட புத்தகத்தில் உள்ளது இந்தப் பக்கங்களோடு ஒத்துப்போனால் குழந்தை நம்பும். ஒத்துப்போகாவிட்டால், கண்முன் நடமாடும் புத்தகத்தையே நம்பும்.

அந்தத் தாத்தா மறுநாளே எல்லாவற்றையும் விட்டுவிட்டார் என்று முடித்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் நாற்பது ஆண்டுப் பழக்கம் அப்படி விடுவதில்லை. பேரன் விழித்திருக்கும் நேரத்தில் சுருக்குப் பையைத் திறப்பதில்லை என்பதே அவரால் முதலில் முடிந்தது. பிறகு கோயிலுக்குப் போகும் நேரம். பிறகு, அரசு மருத்துவமனையில் வாய்ப்புண்ணைக் காட்டி ஆலோசனை கேட்கும் துணிவு. ஒரு பிள்ளைக்கு ஒரு பழக்கத்தைக் கற்பிக்க எத்தனை நாள் பொறுமை வேண்டுமோ, அதைவிடக் கூடுதல் பொறுமை ஒரு பெரியவர் தமக்கே காட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பொறுமையும் தவந்தான்.

மாலை விளக்கேற்றும் நேரம். பிள்ளையார் கோயில் குழாயடியில் பாட்டி, தாத்தா, பேரன் மூவரும் கால் கழுவுகிறார்கள். பேரன் சுலோகத்தைச் சொல்லி முடித்துவிட்டு நுரைக் கையை நீட்டுகிறான். தாத்தா சொம்பிலிருந்து நீரை ஊற்றுகிறார். பிறகு தாமும் குனிந்து வாயை நன்றாகக் கொப்பளிக்கிறார். சொம்பை வாங்கிவைக்கும் பேரன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

எண்ணெயும் புளியும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்த யசோதை, இறுதியில் கண்ணனை நீராட்டியதைச் சொல்லித்தான் பெரியாழ்வார் அந்தப் பதிகத்தை முடிக்கிறார்.  அழைப்பதும் காத்திருப்பதும்தான் வளர்ப்பவரின் வேலை. வர வேண்டிய நேரத்தில் பிள்ளை வருவான்.